கரைசலின் செறிவு: எதில் எவ்வளவு?

ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ உள்ள ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையின் செய்முறைத் தாளை எடுத்துப் பார்த்தால், ‘தண்ணீர் 80 சதவீதம், உப்பு 8 சதவீதம்’ என்பது போன்ற வரிகள் அதில் இருக்கும். வேலூர் மருத்துவமனைகளில் நோயாளியின் படுக்கையருகே தொங்கும் சலைன் பாட்டிலில் ‘0.9 சதவீதம்’ என்று அச்சிட்டிருப்பார்கள். கைகளில் தேய்த்துக்கொள்ளும் கிருமிநாசினிக் குப்பியில் ‘80 சதவீதம்’ என்றும், ஆய்வகத்தில் பூட்டி வைத்திருக்கும் கந்தக அமிலக் குப்பியில் ‘98 சதவீதம்’ என்றும் காணலாம். நான்கும் சதவீதம்தான். ஆனால் முதலாவது தோலின் எடையை நூறாக வைத்துச் சொன்னது. இரண்டாவது 100 மில்லிலிட்டர் கரைசலில் இத்தனை கிராம் என்று சொன்னது. மூன்றாவது 100 மில்லிலிட்டரில் இத்தனை மில்லிலிட்டர். நான்காவது 100 கிராமில் இத்தனை கிராம். ஒன்றுக்குரிய கணக்கை இன்னொன்றுக்குப் போட்டால் விடை கொஞ்சநஞ்சம் பிசகாது. சில சமயம் பாதியாகக் குறைந்துவிடும். கந்தக அமிலத்தில் அப்படித்தான் ஆகிறது என்பதைக் கீழே கணக்கோடு காட்டுகிறேன்.

செறிவு என்பது ஒரு பின்னம். கரைக்கப்பட்ட பொருளின் அளவு, அதாவது கரைபொருளின் அளவு, அந்தப் பின்னத்தின் மேல் பகுதி. அது எதில் கரைந்திருக்கிறதோ அதன் அளவு கீழ்ப் பகுதி. கரைக்கும் திரவத்தைக் கரைப்பான் என்றும், கரைபொருளும் கரைப்பானும் சேர்ந்த முழுமையைக் கரைசல் என்றும் பள்ளியிலேயே படித்திருப்போம். புதிதாகக் கற்பவர்களின் கவனம் பெரும்பாலும் மேல் பகுதியிலேயே நிற்கிறது: எத்தனை கிராம் நிறுக்க வேண்டும், மூலக்கூறு நிறை என்ன என்பதில் மிகவும் கவனமாக இருப்பார்கள். பிழை வருவதோ பெரும்பாலும் கீழ்ப் பகுதியில். கீழே இருப்பது கரைசலா, கரைப்பானா, கன அளவா, நிறையா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்பவருக்கு இந்தப் பாடத்தில் கடினமான பகுதி என்று பெரிதாக எதுவும் மிஞ்சாது.

பாடநூல்கள் பலவும் மோலாரிட்டியிலிருந்து தொடங்குகின்றன. அந்த வரிசை எனக்கு உடன்பாடானது இல்லை. மோல் என்ற கருத்தே இன்னும் மனத்தில் படியாத மாணவருக்கு, அதை வைத்துச் செறிவையும் விளக்குவது இரண்டு சுமைகளை ஒரே நேரத்தில் ஏற்றுவதாகும். ஆகவே கிராமும் லிட்டருமாகத் தொடங்குவோம்.

சலைன் பாட்டிலையே எடுத்துக்கொள்வோம். 0.9 சதவீதம் என்றால் 100 மி.லி. கரைசலில் 0.9 கிராம் சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பின் தூய வடிவம், இருக்கிறது. ஒரு லிட்டருக்கு 9 கிராம். வழக்கமான 500 மி.லி. பாட்டிலுக்கு 4.5 கிராம். பக்கத்திலேயே தொங்கும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் 500 மி.லி. என்றால் அதில் 25 கிராம் சர்க்கரை இருக்கும். இந்த முறைக்கு நிறை–கன அளவுச் சதவீதம் என்று பெயர். மருத்துவத்தில் இதையே அதிகம் விரும்புவதற்குக் காரணம் எளிது: உடலுக்குள் செல்லும் திரவத்தை மில்லிலிட்டரில்தான் அளக்கிறார்கள். இத்தனை மில்லிலிட்டர் ஏறியது என்றால் இத்தனை கிராம் உள்ளே போயிருக்கிறது என்று செவிலியர் மனக்கணக்காகவே சொல்லிவிடலாம்.

இங்கே ஒரு சொற்றொடரை நன்றாகக் கவனிக்க வேண்டும். ‘ஒரு லிட்டர் கரைசலில் 9 கிராம்’ என்றேனே தவிர, ‘ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம்’ என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம்; 9 கிராமுக்கு வேறுபாடு மிகச் சிறியது என்பதும் உண்மையே. உப்பைக் கூட்டிப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து வைத்துக்கொண்டு அதில் 58.5 கிராம் உப்பைப் போட்டுக் கரைத்தால், திரவத்தின் கன அளவு ஏறத்தாழ 18 மி.லி. கூடிவிடும். உப்பும் இடம் பிடிக்கிறது. இப்போது அந்த 58.5 கிராம் உப்பு ஒரு லிட்டரில் இல்லை, 1.018 லிட்டரில் இருக்கிறது. செறிவு நாம் நினைத்ததைவிடக் கிட்டத்தட்ட 2 சதவீதம் குறைந்துபோயிருக்கும். இன்னொரு புறம், சில திரவங்களைக் கலந்தால் கன அளவு சுருங்குவதும் உண்டு: 50 மி.லி. எத்தனாலையும் 50 மி.லி. தண்ணீரையும் கலந்தால் 100 மி.லி. கிடைக்காது, சுமார் 96 அல்லது 97 மி.லி.தான் கிடைக்கும். நிறைகளை எப்போதும் கூட்டலாம். கன அளவுகளைக் கூட்டிவிட முடியாது.

ஆய்வகத்தில் ஸ்டாண்டர்டு பிளாஸ்க் எனப்படும் நீண்ட கழுத்துக் குடுவை இருப்பதும் இதனால்தான். நிறுத்த பொருளை முதலில் ஒரு பீக்கரில் குறைந்த அளவு வாலை வடிநீரில் முழுவதும் கரைத்துவிட வேண்டும். அதைக் குடுவைக்கு மாற்றிய பிறகு, பீக்கரை இரண்டு மூன்று முறை கழுவி அந்தக் கழுவுநீரையும் குடுவையிலேயே சேர்க்க வேண்டும். பீக்கரின் சுவரில் ஒட்டியிருப்பதும் நாம் நிறுத்ததில் ஒரு பங்குதான். கரைக்கும்போது சூடேறியிருந்தால், ஆறும் வரை காத்திருக்க வேண்டும். கடைசியில் கழுத்திலுள்ள கோடு வரை தண்ணீர் விட்டு, மூடியைப் போட்டு, குடுவையைப் பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். திரவத்தின் மேற்பரப்பு நடுவில் குழிந்து தெரியும். அந்தக் குழிவின் அடிப்புறம் கோட்டைத் தொடும்படி, கண்ணை அதே மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டால் பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்துச் சரிசெய்யலாம் என்று நினைக்கக் கூடாது. உறிஞ்சும் திரவத்தோடு கரைபொருளும் போய்விடும். அந்தக் கரைசலைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே ஒரே வழி.

இனி அமிலக் குப்பிக்கு வருவோம். அடர் கந்தக அமிலத்தின் 98 சதவீதம் என்பது நிறைக்கு நிறை: 100 கிராம் திரவத்தில் 98 கிராம் அமிலம். ஆனால் ஆய்வகத்தில் யாரும் அமிலத்தைத் தராசில் நிறுப்பதில்லை. அளவு உருளையில்தான் ஊற்றி எடுக்கிறோம். நிறையிலிருந்து கன அளவுக்குச் செல்ல அடர்த்தி வேண்டும். குப்பியின் லேபிளில் 1.84 என்று ஓர் எண் இருக்கும். ஒரு மில்லிலிட்டர் 1.84 கிராம் எடையுள்ளது என்று அதற்குப் பொருள். ஆகவே ஒரு லிட்டர் அமிலத்தின் எடை 1,840 கிராம். அதில் 98 சதவீதம், அதாவது சுமார் 1,803 கிராம், உண்மையான கந்தக அமிலம். லேபிளில் அடர்த்தியைப் பார்க்காமல் ‘98 சதவீதம், ஆகவே லிட்டருக்கு 980 கிராம்’ என்று கணக்குப் போட்டவர் பாதியளவே அமிலம் இருப்பதாக எண்ணிவிடுவார். அவர் தயாரிக்கும் கரைசல் தேவைக்கு ஏறத்தாழ இரு மடங்கு செறிவாக இருக்கும். முதல் பத்தியில் சொன்ன பிழை இதுதான்.

கிருமிநாசினியில் திரவத்தைத் திரவத்தோடு கலக்கிறோம் என்பதால் கன அளவுக்குக் கன அளவு என்று சொல்வதே வசதி. உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கைத் தேய்ப்புத் திரவச் செய்முறையில், 10 லிட்டர் தயாரிக்க 96 சதவீத எத்தனால் 8,333 மி.லி. எடுக்கச் சொல்கிறார்கள். 8,333ஐ 0.96ஆல் பெருக்கினால் 8,000 வரும், 10,000 மி.லி.யில் 8,000 மி.லி. என்பது 80 சதவீதம். அந்த 8,333 என்ற விநோதமான எண் எங்கிருந்து வந்தது என்று வியப்பவர்களுக்கு விடை இந்த ஒரு வரிக் கணக்கில் இருக்கிறது. இங்கும் எத்தனாலையும் மற்றவற்றையும் ஊற்றிய பிறகு 10 லிட்டர் கோடு வரை தண்ணீர் நிரப்பச் சொல்கிறார்களே தவிர, இத்தனை லிட்டர் தண்ணீர் ஊற்று என்று சொல்வதில்லை.

டிரம்முக்குள் இருக்கும் கணக்கு

பழைய வட ஆற்காட்டில் செறிவைப் பற்றி எழுதும் எவரும் தோலைப் பதனிடச் சுழற்றும் டிரம்மைத் தொடாமல் போக முடியாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டிய ஊர்கள் பலவற்றில் தோல் பதனிடும் தொழில் தலைமுறைகளாக நடக்கிறது. டேனரியில் வேலை செய்பவர் வேதியியல் படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும் நாள்தோறும் சதவீதக் கணக்கோடுதான் வாழ்கிறார். அவருடைய சதவீதத்துக்கு அடிப்படை தோலின் எடை. டிரம்மில் 1,000 கிலோ தோல் இருந்தால், ‘தண்ணீர் 80 சதவீதம்’ என்பது 800 லிட்டர். ‘உப்பு 8 சதவீதம்’ என்பது 80 கிலோ. தோல் எத்தனை கிலோவோ அதைப் பொறுத்து எல்லாவற்றையும் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம் என்பதால், தொழிலுக்கு இது மிகவும் பொருத்தமான முறை.

வேதியியல் மாணவர் அதே தாளைப் பார்த்தால் 8 சதவீத உப்புக் கரைசல் என்று புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு, உண்மை வேறு. 800 லிட்டர் தண்ணீரில் 80 கிலோ உப்பு என்றால், லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம். மொத்த நிறை 880 கிலோ. அதில் 80 என்பது ஏறத்தாழ 9.1 சதவீதம். இதே செய்முறையில் தண்ணீரை 50 சதவீதமாகக் குறைத்துவிட்டு உப்பை மட்டும் 8 என்றே வைத்தால், 500 லிட்டரில் 80 கிலோ. மொத்தம் 580 கிலோவில் 80 என்பது 13.8 சதவீதம். தாளில் உப்பு என்னவோ மாறவே இல்லை, கரைசலோ ஒன்றரை மடங்கு கடுமையாகிவிட்டது. தண்ணீரைச் சிக்கனம் செய்ய விரும்பும் தொழிற்சாலையில் உப்பின் அளவை மறுபரிசீலனை செய்யும்போது இந்தக் கணக்கைத்தான் போட்டாக வேண்டும்.

உப்பு எதற்காக என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செறிவு இங்கே வெறும் எண் கிடையாது. பிக்கிள் எனப்படும் கட்டத்தில் தோலை அமிலத்தில் ஊற வைக்கிறார்கள். உப்பில்லாத அமிலத்தில் தோல் நீரை இழுத்து ஊதிப் புடைத்துவிடும். போதிய உப்பு இருந்தால் அந்த வீக்கம் தடுக்கப்படும். அதனால் அமிலம் விடுவதற்கு முன்பே உப்புக் கரைசலின் அளவைச் சோதிப்பது வழக்கம். சோதிக்கும் கருவி ஒரு கண்ணாடி மிதவை. அதிலுள்ள அளவுகோலுக்குப் பாமே பாகை என்று பெயர். 1768இல் அந்த்வான் பாமே என்ற பிரெஞ்சு மருந்தாளர் உருவாக்கிய அளவுகோல் அது. தூய தண்ணீரில் மிதவை நிற்கும் இடத்தை 0 என்றும், நிறைக்கு நிறை 15 சதவீத உப்புக் கரைசலில் நிற்கும் இடத்தை 15 என்றும் குறித்து, இடையிலுள்ளதைச் சம பாகங்களாகப் பிரித்தார். ஆகவே வெறும் உப்புக் கரைசலில் பாமே பாகை ஏறத்தாழ உப்பின் நிறைச் சதவீதத்தையே காட்டும்: நம்முடைய 9.1 சதவீதக் கரைசல் 9 பாகைக்கு அருகில் நிற்கும். பிக்கிளுக்கு 6, 7 பாகைக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள்.

டிரம் சுற்றச் சுற்ற இந்த அளவு இறங்கும். உப்பு எங்கும் காணாமல் போகவில்லை. பதனிடும் நிலையிலுள்ள தோலின் எடையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், உப்பு அந்தத் தண்ணீருக்குள்ளும் பரவுகிறது. கணக்கில் நாம் 800 லிட்டரை மட்டும் கீழே வைத்தோம். தோலுக்குள் இருந்த தண்ணீரையும் கீழே சேர்க்க வேண்டியிருந்தது. மேல் பகுதி மாறாமல் கீழ்ப் பகுதி பெருகினால் பின்னம் சிறுக்கும்.

மில்லிகிராமில் பேசும்போது

குடிநீரைப் பற்றியோ கழிவுநீரைப் பற்றியோ பேசும்போது சதவீதம் மிகப் பெரிய அலகாகிவிடுகிறது. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறோம். பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்பதை பிபிஎம் என்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோ, ஒரு கிலோ என்பது பத்து லட்சம் மில்லிகிராம். எனவே லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பதும் 500 பிபிஎம் என்பதும் குடிநீரில் ஒன்றுதான். செறிவான உப்புநீரில் இந்தச் சமன்பாடு உடைந்துபோகும். இனி உப்பு கரையாது என்ற நிலையை எட்டிய கரைசலில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 26 கிராம் உப்பு, அதாவது 2,60,000 பிபிஎம். ஆனால் அதன் ஒரு லிட்டர் 1.2 கிலோ எடையுள்ளது என்பதால் லிட்டருக்கு 310 கிராமுக்கும் சற்று மேல் உப்பு இருக்கும்.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தில், கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்களுக்கு, அதாவது நம் வீட்டு ஆர்ஓ மெக்கானிக் டிடிஎஸ் என்று சொல்வதற்கு, ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. கழிவுநீருக்கு வைக்கப்பட்டுள்ள வரம்பு 2,100. குரோமியத்துக்கு வேறு அளவு: குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. தோல் தொழிற்சாலைக் கழிவுநீரில் 2 மில்லிகிராம் வரை. ஒன்றுக்கொன்று 40 மடங்கு வேறுபாடு என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் ‘வரம்புக்கு உட்பட்டது’ என்ற சொல்லைப் படிக்க வேண்டும்.

இதற்கு ஒரு கணக்கு. எடுத்துக்காட்டுக்காக, ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீரில் லிட்டருக்கு 8,000 மில்லிகிராம் உப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 800 கிலோ. அதில் 300 மில்லிகிராம் அளவுள்ள நல்ல தண்ணீரை நான்கு லட்சம் லிட்டர் சேர்த்தால், அந்தத் தண்ணீரோடு வரும் உப்பு 120 கிலோ. ஆக, ஐந்து லட்சம் லிட்டரில் 920 கிலோ. லிட்டருக்கு 1,840 மில்லிகிராம். 2,100 என்ற வரம்புக்குள் வந்துவிட்டது! ஆனால் மண்ணுக்கும் ஆற்றுக்கும் போகும் அந்த 800 கிலோவில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. மோரில் தண்ணீர் விட்டால் மோர் பெருகுமே தவிர அதிலுள்ள தயிர் குறைவதும் இல்லை, கூடுவதும் இல்லை. எனவே மாசைப் பற்றிய பேச்சில் செறிவை மட்டும் கேட்டால் போதாது, செறிவோடு கன அளவையும் பெருக்கிக் கேட்க வேண்டும். பாலாற்றுப் படுகையின் தோல் கழிவுநீர் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியதற்காக இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஈட்டை மதிப்பிடப் புகுந்தால் மில்லிகிராம் மட்டும் போதாது என்பது மேலே உள்ள கணக்கிலிருந்தே விளங்கும்.

நீர்த்தல் கணக்கு முழுவதும் இந்த ஒரே உண்மையில் நிற்கிறது: தண்ணீர் சேர்த்தால் கரைபொருளின் அளவு மாறாது. ஆகவே முதல் செறிவு × முதல் கன அளவு = இறுதிச் செறிவு × இறுதிக் கன அளவு. இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. இரு புறமும் இருப்பது கரைபொருளின் அளவு என்று தெரிந்தால் போதும்.

மேல் பகுதி சிக்கலாகும் இடங்கள்

இதுவரை கரைபொருளைக் கிராமில் மட்டுமே அளந்தோம். வினைகளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் கிராம் உதவாது. மூலக்கூறுகள் எண்ணிக்கையில்தான் ஒன்றோடொன்று வினைபுரிகின்றன. ஒரு ஹைட்ரோகுளோரிக் அமில மூலக்கூறுக்கு ஒரு சோடியம் ஹைட்ராக்சைடு அலகு என்பதே உண்மையான கணக்கு; 36.5 கிராமுக்கு 40 கிராம் என்று எடையில் அது வெளிப்படுகிறது, அவ்வளவுதான். இந்த எண்ணிக்கையைக் கையாள்வதற்கான அலகே மோல்: 6.022 × 10²³ துகள்கள். 2019 மே 20 முதல் இந்த எண், 6.02214076 × 10²³ என்று துல்லியமாக வரையறுக்கப்பட்டுவிட்டது. ஒரு பொருளின் மூலக்கூறு நிறையைக் கிராமில் எடுத்தால் அது ஒரு மோல். ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் இருக்கிறதோ அதுவே மோலாரிட்டி.

சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. உப்பின் ஒரு மோல் 58.44 கிராம். வகுத்தால் 0.154. ஆக, சலைன் 0.154 மோலார் கரைசல். பாட்டிலின் லேபிளில் சோடியம் 154, குளோரைடு 154 என்று இருப்பது இதையே மில்லிமோலில் சொல்வது. அடர் கந்தக அமிலத்தில் லிட்டருக்கு 1,803 கிராம் என்று முன்பு கண்டோம்; அமிலத்தின் ஒரு மோல் 98 கிராம் என்பதால் 18.4 மோலார். இதிலிருந்து 0.5 மோலார் அமிலம் ஒரு லிட்டர் வேண்டுமென்றால், 0.5ஐ 1,000ஆல் பெருக்கி 18.4ஆல் வகுக்க வேண்டும்: 27.2 மி.லி. இதைத் தண்ணீரில்தான் சிறிது சிறிதாக, கிளறிக்கொண்டே ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. அப்படி ஊற்றினால் எழும் வெப்பத்தில் மேலே உள்ள தண்ணீர் கொதித்து அமிலத்தோடு முகத்தில் தெறிக்கும். டேனரியிலும் பிக்கிளுக்குரிய அமிலத்தை முன்கூட்டியே பத்து மடங்கு தண்ணீரில் நீர்த்து, ஆறவைத்து, தவணை தவணையாகத்தான் விடுகிறார்கள்.

நிறுக்கும் பொருளில் தண்ணீர் ஒட்டியிருந்தால் என்ன செய்வது? நீலநிறப் படிகத் தாமிர சல்பேட்டின் ஒவ்வொரு அலகிலும் ஐந்து நீர் மூலக்கூறுகள் உண்டு. நீரையும் சேர்த்து மோலுக்கு 249.7 கிராம், நீரற்ற வெண்பொடிக்கு 159.6 கிராம். ஒரு லிட்டர் 0.1 மோலார் கரைசலுக்குப் படிகத்தில் 24.97 கிராம் எடுக்க வேண்டும். நீரற்றதன் எண்ணைப் பயன்படுத்தி 15.96 கிராம் படிகத்தை எடுத்துவிட்டால், கிடைப்பது 0.064 மோலார்தான். குப்பியின் லேபிளில் உள்ள சூத்திரத்தைக் கடைசி எழுத்து வரை படிக்க வேண்டும்.

தூய்மையும் இதே போன்றது. ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் குளோரின் கலப்பவருக்கு இது அன்றாடக் கணக்கு. ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் 200 கிராம் குளோரின் தேவை. புதிய பிளீச்சிங் பவுடரில் பயன்படும் குளோரின் சுமார் 33 சதவீதம், 200ஐ 0.33ஆல் வகுத்தால் 606 கிராம் பவுடர். காற்றும் ஈரமும் பட்டுக் கிடந்த மூட்டையில் அது 25 சதவீதமாக இறங்கியிருந்தால் 800 கிராம் வேண்டும். பழைய மூட்டையிலிருந்தும் வழக்கம்போல் 606 கிராமையே போட்டால் தண்ணீரில் சேர்வது லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். வேலூர் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் மூட்டையைத் திறந்தபடி வைப்பவர்கள் இந்த வகுத்தலை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நார்மாலிட்டி என்ற அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மூலக்கூறு நிறைக்குப் பதிலாகச் சமான நிறையை வைத்துப் போடும் கணக்கு அது. கந்தக அமிலம் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தருவதால் அதன் சமான நிறை 98இல் பாதி, அதாவது 49. வசதியானதுதான், ஆனால் ஒரே பொருளின் சமான நிறை வினைக்கு வினை மாறும்: பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக்கு அமில ஊடகத்தில் 31.6, நடுநிலை ஊடகத்தில் 52.7. அதனால் இன்றைய வேதியியலாளர்கள் மோலாரிட்டியையே விரும்புகிறார்கள். எனினும் பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்குச் செல்பவர் இதைத் தவிர்க்க முடியாது.

மோலாலிட்டிக்கு ஒரே ஒரு வேறுபாடு: கீழே கரைசலின் லிட்டருக்குப் பதிலாகக் கரைப்பானின் கிலோகிராம். வெப்பம் ஏறினால் திரவம் விரியும், நிறை மாறாது என்பதால் இதற்கும் வெப்பநிலைக்கும் தொடர்பில்லை. மோலாரிட்டிக்கு உண்டு. 20 பாகை செல்சியஸில் 0.1 மோலாராகத் தயாரித்த நீர்க்கரைசல், மே மாதத்து நடுப்பகலில் 40 பாகைக்குச் சூடேறினால் 0.0994 ஆகிவிடும். பள்ளி ஆய்வகத்துக்கு இது பொருட்டே இல்லை. துல்லியமான பகுப்பாய்வில் பொருட்டுதான். அளவுக் குடுவையின் உடலில் 20 அல்லது 27 பாகை என்று பொறித்திருப்பது இதற்காகவே. மோல் பின்னம் என்று இன்னொன்றும் உண்டு. ஆவியழுத்தம் படிக்கும்போது அதைச் சந்தித்துக்கொள்ளலாம்.

தெரியாத செறிவைக் கண்டறிதல்

இவ்வளவு நேரம் செறிவை நாமே உண்டாக்கினோம். ஒரு குப்பியில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் இருக்கிறது, எவ்வளவு என்று தெரியாது என்றால் தரம் பார்த்தல் என்ற முறைக்குச் செல்ல வேண்டும். முதலில் நம்பகமான செறிவுள்ள ஒரு கரைசல் தேவை. சோடியம் ஹைட்ராக்சைடை நிறுத்து அப்படிச் செய்ய முடியாது. தராசில் இருக்கும்போதே காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். ஆக்சாலிக் அமிலப் படிகம் அப்படி மாறாது. அதன் மூலக்கூறு நிறை, இரண்டு நீர் மூலக்கூறுகளையும் சேர்த்து 126. சமான நிறை 63. ஆகவே 0.1 நார்மல் கரைசல் 250 மி.லி. வேண்டுமென்றால் 6.3ஐ நான்கால் வகுத்து 1.575 கிராம் நிறுக்கலாம்.

சோடியம் ஹைட்ராக்சைடில் 20 மி.லி.யைப் பிப்பெட்டால் கூம்புக் குடுவையில் எடுத்து, நிறங்காட்டியான பினாப்தலீன் ஒரு துளி விட்டால் இளஞ்சிவப்பாகும். பியூரெட்டிலிருந்து ஆக்சாலிக் அமிலத்தைத் துளித்துளியாக விட, ஒரு கட்டத்தில் ஒரே துளியில் நிறம் மறையும். அதுவரை 22.4 மி.லி. செலவானது என்றால், 0.1ஐ 22.4ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் 0.112 நார்மல்; 40ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 4.48 கிராம். ஒத்த அளவுகள் இரண்டு முறை வரும் வரை சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். இங்கே பலருக்கும் ஓர் ஐயம் வரும்: கூம்புக் குடுவையைத் தண்ணீரால் கழுவிவிட்டு ஈரத்தோடே பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம். பிப்பெட்டில் அளந்துவிட்ட 20 மி.லி.யில் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடின் மொத்த அளவைத்தான் அமிலம் எதிர்கொள்கிறது. குடுவையில் கூடுதல் தண்ணீர் இருந்தாலும் அந்த அளவு மாறாது. பிப்பெட்டும் பியூரெட்டும் ஈரமாக இருந்தால் அது நடக்காது, உள்ளே செல்லும் கரைசலின் செறிவே குறைந்துவிடும். அவற்றை அந்தந்தக் கரைசலாலேயே அலசிக்கொள்ள வேண்டும்.

தயாரித்த கரைசலைக் குப்பியில் ஊற்றிய உடனேயே லேபிள் ஒட்டிவிட வேண்டும். பொருளின் முழுப் பெயர், படிக நீர் உண்டா இல்லையா, செறிவு, அதன் அலகு, தயாரித்த தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். சதவீதம் என்றால் நிறைக்கு நிறையா, கன அளவுக்கு நிறையா என்பதையும் எழுத வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் கண்ணாடி மூடி வேண்டாம், காரத்தில் அது இறுகிக்கொள்ளும். பிளாஸ்டிக் குப்பியே நல்லது. பெர்மாங்கனேட்டைப் பழுப்பு நிறக் குப்பியில் வைத்து, பயன்படுத்துவதற்கு முன் மறுபடியும் தரம் பார்த்துக்கொள்ள வேண்டும். நாள் செல்லச் செல்ல லேபிளில் எழுதிய எண்ணுக்கும் உள்ளே இருப்பதற்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும்.